தங்கச்சியைப் பார்த்துக்கொண்டதற்கு ஐந்து சுற்று

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில், தூத்தூர் பக்கம் எங்கள் ஊரில் 13 வயதுக்கு உட்பட்ட 24 பையன்களுக்குச் சாயங்காலம் கால்பந்து சொல்லித்தருகிறேன். சம்பளம் கிடையாது. முதல் 15 நிமிடம் அன்றைய பாடத்தை விளக்குவேன். பிறகு வரிசையில் நின்று கோல் அடிக்கும் பயிற்சி. யாரும் கவனிப்பதில்லை, ஆட்டமும் வளரவில்லை. கண்டிப்பில் குறை வைக்கவில்லை. லேட்டாக வந்தால் ஐந்து சுற்று ஓட்டம். ஒரு பையன் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறான். அம்மா மீன் விற்றுவிட்டு வரும்வரை தங்கச்சியைப் பார்த்துக்கொண்டானாம், சாக்கு! எப்படிச் சொல்லித்தந்தால் இவர்கள் தேறுவார்கள்?

பதில்: தம்பி, பையன்கள் அடங்கவில்லை என்று கோச்சுகள் எழுதும் கடிதம் எனக்கு ஓயாமல் வருகிறது. சம்பளமில்லாத உழைப்பை ஊரில் யாராவது பாராட்டுவார்கள். நான் அந்த நாலு நாள் ஓட்டத்தைப் பற்றிக் கேட்கிறேன்.

ஆழ்கடலுக்குப் போன அப்பா கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும் ஊர் உங்களுடையது. 2017 ஒக்கிப் புயலில் அந்தக் கரையோரத்தில் எத்தனை வீடுகள் ஆளை இழந்தன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே, தாய் மீனோடு சந்தையில் நிற்கிற நேரத்தில் தங்கச்சியைத் தனியே விட்டுவராத பையனை ஓடவிடுகிறீர்கள். மற்ற 23 பேரும் அதைப் பார்த்து என்ன படிப்பார்கள்? வீட்டைக் கவனித்தால் தண்டனை என்றுதானே! என்னிடம் விட்டால் அவனைத்தான் கேப்டன் ஆக்குவேன். ஆம்பிளைப் பையனுக்கு இது என்ன வேலை என்று எழுதாமல் விட்டீர்கள், அந்த மட்டுக்கும் சரி.

அவன் ஓடும்போது அவன் காலில் பந்து இல்லை. நேரத்துக்கு வந்தவன் காலிலாவது இருக்கிறதா? 24 பேர் ஒரே வரிசை. ஆளுக்கு 20 விநாடி என்றாலும் முறை திரும்பி வர எட்டு நிமிடம். அரை மணி நேரத்தில் ஒருவனுக்கு நாலு உதை தேறாது. சும்மா நிற்கிற பிள்ளை பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளத்தான் செய்வான். அதற்கும் ஒரு ஐந்து சுற்று கொடுப்பீர்கள்.

வரிசையைக் கலையுங்கள். செருப்பையோ கல்லையோ கோல் போஸ்டாக வைத்து மூன்று சின்னக் களம் போடுங்கள், நாலுக்கு நாலு ஆடட்டும். முதல் பையன் வந்ததுமே ஆட்டம் தொடங்கட்டும். வர வர ஆள் சேரட்டும். லேட்டாக வருபவன் எந்தப் பக்கம் ஆள் குறைவோ அங்கே நுழைந்துவிடுவான், யாருக்கும் நஷ்டமில்லை. 15 நிமிடப் பேச்சை ஒரு நிமிடமாக்குங்கள். அன்றைக்கு ஒரே விஷயம், அதையும் காலால் செய்து காட்டுங்கள். பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று முழுக்க அதை மட்டும் கவனியுங்கள், மற்றத் தப்பெல்லாம் கிடக்கட்டும். ஒருவன் தவறினால் மூன்று களத்தையும் நிறுத்திக் கத்தவேண்டாம். அவன் பக்கத்தில் போய், "இப்ப யாருடா காலியா நின்னான்?" என்று கேளுங்கள். பதிலை அவனே தேடட்டும். நன்றாகச் செய்தவனிடம் வெறும் "சூப்பர்" போதாது, எதைச் செய்தான் என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஓட்டத்தைத் தண்டனையாக்காதீர்கள், ஓடியே ஆடவேண்டிய ஆட்டம் இது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மாவைப் பாருங்கள். சந்தையிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று கேட்டு, முடிந்தால் பயிற்சியை அரை மணி தள்ளிவையுங்கள். முடியாவிட்டால் தங்கச்சியையும் மைதானத்துக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அந்தப் பையனிடம், எல்லோரும் பார்க்க ஓடவிட்டவர் நீங்கள், எல்லோரும் கேட்க மன்னிப்புக் கேளுங்கள்.