நாற்பதை நெருங்கும்போது ஐ.டி.யை விட்டு ஆசிரியராகலாமா? எம்.ஏ.டி. படித்தவர் ஒருவரின் பதில்

கேட்டிருப்பது இதுதான்: நியூ ஜெர்சியில் ஐ.டி. வேலை, நாற்பதை நெருங்கும் வயது, முதுகலைப் பட்டம் வழியாக ஆசிரியர் சான்றிதழ் வாங்கி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித்தர முடியுமா, அந்தச் செலவு தகுமா?

முடியும். நானும் அதே வழியில் வந்தவன்தான்: பல வருடம் மென்பொருள், அப்புறம் எம்.ஏ.டி. (மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங் என்ற முதுகலைப் படிப்பு), இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு அல்ஜீப்ரா. ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரையோ அதன் தரவரிசையையோ பார்த்துச் சேர்ந்துவிடாதீர்கள். அந்தப் படிப்பு உங்களை எவ்வளவு காலம், எப்படிப்பட்ட ஆசிரியரின் வகுப்பில் நிற்க வைக்கிறது என்று முதலில் கேளுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

எம்.எட். என்று போட்டிருக்கும் படிப்புகளில் பல, ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்களுக்கானவை. முடித்தால் பட்டம் வரும், சான்றிதழ் வராது. எம்.ஏ.டி. பெரும்பாலும் நம்மைப் போலப் புதிதாக வருகிறவர்களுக்கு. பெயரை மட்டும் நம்பவும் கூடாது, ஏனென்றால் சான்றிதழுக்கு வழிசெய்யும் எம்.எட். படிப்புகளும் உண்டு. சேர்க்கை அலுவலகத்துக்கு ஒரே கேள்வியை எழுதிக் கேளுங்கள்: "இதை முடித்தால் நியூ ஜெர்சியின் முதல் சான்றிதழுக்கு என்னைப் பரிந்துரைப்பீர்களா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சான்றிதழ் தருவது மாநிலம்தான், அதனால் வேறு மாநிலத்து ஆன்லைன் படிப்பு என்றால் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும்.

முதுகலை இல்லாமலும் வரலாம், அதையும் சொல்லிவிட வேண்டும். இளங்கலைப் பட்டம், பாடத்தில் போதிய கிரெடிட் (கல்லூரியில் படித்த அளவைக் குறிக்கும் அலகு), ப்ராக்சிஸ் என்ற ஆசிரியர் பாடத் தேர்வு, இதெல்லாம் இருந்தால் சி.இ. என்ற தகுதிச் சான்றிதழ் வாங்கலாம். அதை வைத்து ஒரு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு, வேலை பார்த்தபடியே மாற்று வழிப் பயிற்சியை முடிக்கலாம். எம்.ஏ.டி. முடித்தால் கிடைப்பது சி.இ.ஏ.எஸ்., அதாவது பயிற்சியை முன்பே முடித்தவர் என்ற சான்றிதழ். கையில் சேமிப்பு இல்லை, குடும்பமே உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்றால் மாற்று வழியைத் தயங்காமல் பாருங்கள். ஆனால் அதில் முதல் நாளே முழு வகுப்பும் உங்கள் கையில் இருக்கும்.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் பலர் சிக்கிக்கொள்வது கிரெடிட்டில்தான். கணக்குக்கு அந்தப் பாடத்தில் 30 கிரெடிட் கேட்பார்கள், அதில் 12 மேல்நிலைப் பாடங்களாக, அதாவது கல்லூரியின் கடைசி ஆண்டுகளில் வரும் பாடங்களாக, இருக்க வேண்டும். பி.இ.யில் நாம் எழுதிய நாலைந்து கணக்குப் பேப்பர் அந்த அளவுக்கு வராது. மேல்நிலைப் பாடங்கள் இரண்டு வருடப் படிப்பு தரும் கம்யூனிட்டி காலேஜில் கிடைக்காததால் எல்லாவற்றையும் அங்கேயே மலிவாக முடித்துவிடலாம் என்ற கணக்கும் சரிவராது. அதனால் விண்ணப்பம் போடும் முன்பே உங்கள் மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிடக் கொடுத்துவிடுங்கள். மூன்று வருட பி.எஸ்சி. என்றால் இது இன்னும் அவசரம், எல்லா மதிப்பீட்டு நிறுவனமும் அதை இங்குள்ள நாலு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை.

சரி, வகுப்பறைக்கு வருவோம். இங்கே பள்ளிப் பயிற்சி அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் நடக்கும். முதல் பருவத்தில் குறைந்தது 175 மணி நேரம், இரண்டாவது பருவம் முழுநேரம். முழுநேரம் என்றால் காலை மணி அடிப்பதிலிருந்து பள்ளி முடியும்வரை, பொதுவாகச் சம்பளம் கிடையாது. ஐ.டி. வேலையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, அந்தப் பருவத்துக்கான வீட்டுச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

நான் அந்தப் பட்டத்துக்குக் கொடுத்த பணம் முழுவதும் அந்த ஒரு பருவத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்றுதான் சொல்வேன். என் வழிகாட்டி ஆசிரியை வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது சின்னத் துண்டுத்தாள் கொடுத்து ஒரே ஒரு கணக்கு போடச் சொல்வார். ஒருநாள் மைனஸ் 3எக்ஸ் சமம் 12. பிள்ளைகள் போன பிறகு தாள்களை மேஜையில் மூன்று அடுக்காகப் பிரித்தார்: மைனஸ் 4 என்று சரியாக எழுதியவை, வெறும் 4 என்று எழுதியவை, 15 என்று எழுதியவை. நாலு என்று எழுதியவனுக்கு வகுக்கத் தெரிகிறது, குறியைத்தான் விட்டுவிட்டான். பதினைந்து என்றவன் அந்த மூன்று, எக்ஸைப் பெருக்குகிறது என்பதையே பார்க்கவில்லை, இரண்டு பக்கமும் மூன்றைக் கூட்டிவிட்டான். "நாளைக்கு முதல் பத்து நிமிடம் இந்த மூன்றாவது அடுக்குக்கு" என்றார். கல்வி உளவியல் பாடத்தில் இதற்கெல்லாம் பெயர் வைத்து அழகாகச் சொல்லித்தந்தார்கள், ஆனால் இது எனக்குப் பிடிபட்டது அந்த மேஜையில்தான். இன்றும் என் மறுநாள் பாடம் அப்படித்தான் தொடங்குகிறது. அதனால் சேரும் முன் கேளுங்கள்: வழிகாட்டி ஆசிரியரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? நீங்களே பள்ளி தேடிக்கொள்ள வேண்டுமா? பேராசிரியர் எத்தனை முறை வந்து உங்கள் வகுப்பைப் பார்ப்பார்?

பணம் பற்றிச் சுருக்கமாக. கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், அந்தப் பல்கலைக்கழகம் டீச் கிராண்ட் என்ற மத்திய அரசின் உதவித்தொகையைத் தருகிறதா என்று பாருங்கள், வருடத்துக்கு 4,000 டாலர் வரை. பதிலுக்கு, படிப்பு முடிந்த எட்டு வருடத்துக்குள் நாலு வருடம், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில், பற்றாக்குறையுள்ள பாடத்தை நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் அது வட்டியோடு கடனாக மாறிவிடும், அதனால் அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பள்ளி மாவட்டங்களின் சம்பள அட்டவணையில் முதுகலைக்குத் தனிப் பத்தி இருக்கும், ஓய்வு பெறும்வரை அந்த வித்தியாசம் கூடவே வரும். ஆனாலும் ஐ.டி. சம்பளத்துக்குப் பக்கத்தில் வராது, இதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

வயதை நினைத்துத் தயங்க வேண்டாம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இருபத்தைந்தும் நாற்பதும் ஒன்றுதான். ஆனால் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், வேலை செய்ய அனுமதி இருந்தால், பதிலி ஆசிரியராகச் சில நாட்கள் போய்ப் பாருங்கள், கல்லூரி கிரெடிட் இருந்தாலே அதற்கான அனுமதி கிடைக்கும். மதிய உணவுக்குப் பிறகு வரும் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகள் களைத்தும் சத்தமாகவும் இருக்கும் நேரம் அதுதான். அந்த வகுப்புக்கு மறுநாளும் போக வேண்டும் என்று தோன்றினால் விண்ணப்பம் போடுங்கள்.