குரோம் நன்றாகத்தானே ஓடுகிறது, வேறு பிரவுசருக்கு ஏன் மாற வேண்டும்?

பழகிய குரோமை ஏன் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மாறியதற்குக் காரணம் விளம்பரம்தான். ஏற்காட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. மிளகு விலை பார்க்க ஒரு தளத்தைத் திறந்தால் முதலில் வீடியோ விளம்பரம் சுற்றும். விலைப் பட்டியல் அப்புறம்தான் வரும். அதைத் தொடப்போகும் நேரத்தில் பக்கம் கீழே குதிக்கும். என் ஆண்ட்ராய்டு போனில் பயர்பாக்ஸ் என்ற பிரவுசரைப் போட்டு, விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (பிரவுசரோடு சேர்க்கும் சின்ன நிரல்) சேர்த்தேன். இப்போது அதே பக்கத்தில் விலை மட்டும்தான் வருகிறது, டேட்டாவும் மிச்சம். போன் குரோமில் இப்படி நீட்சி சேர்க்க வழியில்லை. கூகுள் நீட்சி விதிகளை மாற்றியதால், 2025-ல் கணினிக் குரோமிலும் யூபிளாக் ஆரிஜின் நின்றுபோனது.

இன்னொன்று: எட்ஜ், பிரேவ், ஓபரா எல்லாமே உள்ளுக்குள் குரோமியம்தான், அதாவது குரோமுக்கும் அடிப்படையான அதே நிரல். பயர்பாக்ஸுக்குக் கெக்கோ என்று தனி எஞ்சின் (பக்கத்தைத் திரையில் காட்டும் உள் நிரல்). இணையம் முழுக்க ஒரே எஞ்சினை நம்பி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புக்மார்க், பாஸ்வேர்டு பற்றிப் பயம் வேண்டாம். கணினியில் பயர்பாக்ஸ் செட்டிங்ஸிலேயே இறக்குமதி செய்துகொள்ளலாம். குரோமை உடனே அழித்துவிடாதீர்கள். ஏதாவது தளம் அடம்பிடித்தால் அதற்கு இருக்கட்டும்.