ஆளுக்கொரு கிண்ணம் பேக்டு பாஸ்தா: கேள்வி பதில்

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன்; கீழே வரும் பதிலெல்லாம் இதை வைத்துத்தான். 350 மி.லி. பிடிக்கிற நாலு கிண்ணத்துக்கு: காய்ந்த பென்னே (நீளக் குழல் பாஸ்தா) அல்லது மக்ரோனி 200 கிராம், பால் 600 மி.லி., வெண்ணெய் 30 கிராம், மைதா 30 கிராம், வதக்கிய காய் 150 கிராம், ஒயிட் சாஸுக்குள் (பால், வெண்ணெய், மைதாவில் செய்வது) சீஸ் 80 கிராம், மேலே தூவ 60 கிராம். ஓவன் 200 டிகிரி செல்சியஸ், 15 நிமிஷம். இனி கேளுங்க.

பாளையங்கோட்டையிலிருந்து: அக்கா, பெரிய தட்டுல செஞ்சா நல்லா வருது. அதையே சின்னக் கிண்ணத்துல பிரிச்சு வச்சா வறண்டு போயிட்டு. ஏன்?

சின்னக் கிண்ணத்தில் சரக்கு கொஞ்சம், சூடு படுகிற பக்கம் நிறைய. பெரிய தட்டுக்கு 35, 40 நிமிஷம் வைக்கிற கணக்கு இதற்கு ஆகாது. நடு சூடேறுவதற்குள் ஓரம் காய்ந்துவிடும். அது போக, முழுசாக வேகாத பாஸ்தா ஓவனுக்குள்ளும் சாஸில் உள்ள தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் கிண்ணத்தில் போடும்போது சாஸ் தோசை மாவை விடத் தளர்வாக, "இது ரொம்பத் தண்ணியா இருக்கே" என்று தோன்றுகிற பதத்தில் இருக்கணும். அப்போதே சரியான கெட்டியாகத் தெரிந்தால் வெளியே எடுக்கும்போது களியாகிவிடும். 50 மி.லி. சூடான பாலோ பாஸ்தா வெந்த தண்ணீரோ விட்டுத் தளர்த்துங்க.

இன்னொன்று, பாஸ்தாவும் சாஸும் சூடாக இருக்கும்போதே கிண்ணத்தில் நிரப்பி உடனே உள்ளே வைக்கணும். சமையல் பெரும்பாலும் அடுப்பிலேயே முடிந்துவிடணும். கடைசிக் கொஞ்ச வேக்காடும் மேலே பொன்னிறமாக்குவதும்தான் ஓவனுக்கு வேலை. ஆறின பாஸ்தாவை வைத்தால் நேரம் இரட்டிக்கும், வறட்சியும் கூடவே வரும்.

தென்காசியிலிருந்து: பாக்கெட்டுல 11 நிமிஷம்னு போட்டிருக்கு. அப்படியே வேகவச்சா குழைஞ்சிடுது. எண்ணெய் ஊத்தணுமா?

எண்ணெய் வேண்டாம். 8 நிமிஷத்தில் வடித்துவிடுங்க. பாக்கெட் சொல்வதில் 3 நிமிஷம் குறைப்பதுதான் கணக்கு. கடித்துப் பார்த்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியணும். 200 கிராமுக்கு 2 லிட்டர் தண்ணீர், 20 கிராம் உப்பு. வடித்தபின் கழுவாதீங்க. ஒரு டம்ளர் வெந்த தண்ணீரை எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

பாக்கெட்டின் பின்பக்கம் "டியூரம் கோதுமை ரவை" என்று இருக்கிறதா பாருங்க. அதில்தான் புரதம் கூடுதல், வடிவம் நிற்கும். மைதாவில் செய்த மலிவு மக்ரோனி என்றால் 4, 5 நிமிஷம் குறைத்தாலும் கொஞ்சம் குழையத்தான் செய்யும்.

மேலப்பாளையத்திலிருந்து: ஒயிட் சாஸ் ஒரு நாள் கட்டி தட்டுது, ஒரு நாள் திரிஞ்ச மாதிரி மணல் மணலா வருது. என்ன தப்பு பண்ணுதேன்?

இரண்டும் வேறு வேறு தப்பு. கட்டி தட்டுவது மைதாவால். வெண்ணெயில் மைதாவைச் சிறு தீயில் 2 நிமிஷம் வறுங்க. பச்சை வாடை போனால் போதும், நிறம் மாறக் கூடாது. தீயை அணைத்துவிட்டு முதலில் 100 மி.லி. பால் மட்டும் ஊற்றி, விஸ்க்கால் (கம்பிக் கலக்கி) வழவழவென்று கலக்குங்க. பிறகு மீதிப் பாலை இரண்டு மூன்று தடவையாக விட்டு, மறுபடி அடுப்பில் வைத்து, கொதி வந்ததும் சிறு தீயில் 5 நிமிஷம். முழுப் பாலையும் ஒரே மூச்சில் கொட்டினால் மாவு உருண்டையின் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு அப்படியே நிற்கும். கட்டி விழுந்துவிட்டால் வடிகட்டியில் தேய்த்து வடித்துவிடலாம், சாஸைக் கொட்ட வேண்டாம்.

மணல் மணலாக வருவது சீஸால். கொதிக்கிற சாஸில் சீஸைப் போட்டால் அதன் புரதம் சுருங்கி, கொழுப்பைத் தனியே கக்கிவிடும். அடுப்பை அணைத்து, 2 நிமிஷம் விட்டு, துருவின சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துக் கலக்குங்க. துருவியே பாக்கெட்டில் வரும் சீஸில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள். முடிந்தால் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுங்க.

சாஸில் தக்காளி சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம். அதைத் தனியே தொக்கு மாதிரி வற்றவைத்து, மைதா வெந்து கெட்டியான சாஸில் கடைசியாகக் கலக்கணும். வெறும் பாலில் தக்காளியைப் போட்டால் திரிந்துவிடும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: ரமெக்கின் (ஓவன்ல வைக்கிற சின்னப் பீங்கான் கிண்ணம்) இங்க கெடைக்கல. எவர்சில்வர் கிண்ணம் ஆகுமா? காருக்குறிச்சி மண்கிண்ணம்?

எவர்சில்வர் தாராளமாக ஆகும், பிளாஸ்டிக் பிடியோ மூடியோ இல்லாமல் இருந்தால் சரி. தகடு மெல்லிசு என்பதால் அடி சீக்கிரம் பிடிக்கும். கம்பித் தட்டில் நேரே வைக்காமல் பேக்கிங் ட்ரேயில் வரிசையாக வையுங்க. மைக்ரோவேவ் மோடில் மட்டும் எவர்சில்வர் கூடவே கூடாது.

மண்கிண்ணம் என்றால் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, உள்ளே வெண்ணெய் தடவி, சூடேறாத ஓவனில் வைத்துப் பிறகு ஓவனைப் போடணும். ஈரமான மண் சட்டென்று சூடு கண்டால் விரிசல் விடும். சும்மா கண்ணாடி டம்ளர், ஐஸ்கிரீம் கண்ணாடிக் கப் எதுவும் வேண்டாம், வெடிக்கும். எந்தப் பாத்திரமானாலும் முக்கால் அளவுக்கே நிரப்புங்க.

களக்காட்டிலிருந்து: சாயங்காலம் எங்க ஊர்ல வோல்டேஜ் கம்மி. சொன்ன நேரம் வச்சாலும் மேல செவக்க மாட்டேங்குது.

230 வோல்ட்டுக்குப் பதில் 200 வந்தால் ஓடிஜி (மேஜையில் வைக்கிற சின்ன மின் ஓவன்) கம்பியின் சூட்டுத்திறன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். முன்சூடு 10 நிமிஷத்துக்குப் பதில் 20 நிமிஷம் கொடுங்க. தெர்மோஸ்டாட் விளக்கு ஒரு தடவை அணைந்த பிறகே கிண்ணத்தை வையுங்க. கடைசி 3 நிமிஷம் மேல்கம்பி மட்டும். 16 லிட்டர் மாதிரிச் சின்ன ஓடிஜியில் பிரச்சினை நேர்மாறு: மேல்கம்பி கிட்டத்தில் இருப்பதால் கருகும், ட்ரேயைக் கீழ்த்தட்டில் வைக்கணும்.

சங்கரன்கோவிலிலிருந்து: ஓவனே இல்ல. குக்கர்ல மணல் போட்டுச் செய்யலாமா?

குக்கர் வேண்டாம், தண்ணீர் இல்லாமல் காயவைப்பது அதற்கு நல்லதில்லை. அடிகனமான சட்டியில் ஒரு அங்குலம் கல்லுப்போ மணலோ பரப்பி, ஸ்டாண்ட் வைத்து, மூடி 10 நிமிஷம் சூடாக்கிக் கிண்ணங்களை வையுங்க. நான்ஸ்டிக் சட்டி கூடாது. மூடி 15 நிமிஷம் மிதமான தீ. சீஸ் உருகும், ஆனால் சிவக்காது; சூடு கீழிருந்து வருகிறது, மூடிக்குள் ஆவியும் சேர்கிறது. அதனால் பழைய பிரெட்டைப் பொடித்து, 4 மேஜைக்கரண்டித் தூளை 2 டீஸ்பூன் வெண்ணெயில் தோசைக்கல்லில் மொறுமொறுவென்று வறுத்துப் பரிமாறும்போது தூவுங்க. பேக்கரி ரஸ்க்கைப் பொடித்துப் போடாதீங்க, இனிப்பும் ஏலக்காயும் காட்டிக்கொடுத்துவிடும்.

வள்ளியூரிலிருந்து: மேலே பன்னீர் துருவினா?

உருகாது. புளிப்பு விட்டுத் திரித்தது சூட்டில் இளகாது, காய்ந்துதான் போகும். மொசரெல்லா பாதி, பிராசஸ்டு சீஸ் பாதி என்பதுதான் என் கணக்கு. முதலாவது இழுவைக்கு, இரண்டாவது உப்புச் சுவைக்கு.

உவரியிலிருந்து: எறா போடலாம்லா?

போடலாம். உரித்த இறால் கிண்ணத்துக்கு நாலைந்து. நிறம் மாறத் தொடங்கும் வரை ஒரு நிமிஷம் வதக்கினால் போதும், மீதி ஓவனில் வேகும். முழுசாக வேகவைத்துப் போட்டால் ரப்பர்.

நெல்லை டவுனிலிருந்து: மைனி, எங்க வீட்ல பால் ஆகாதவங்க இருக்காவ. சொதிக்கு எடுக்கிற தேங்காப்பால்ல இதச் செய்ய முடியுமா?

முடியும், ருசியாகவும் இருக்கும். தேங்காயெண்ணெய் 25 கிராம், மைதா 30 கிராம் வறுத்து, இரண்டாம் மூன்றாம் பால் 400 மி.லி. விட்டுக் கொதிக்கவையுங்க. அடுப்பை அணைத்தபின் முதல் பால் 200 மி.லி. முதல் பாலைக் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரியும் என்பது சொதி வைக்கிறவங்களுக்குத் தெரியாததில்லை. இஞ்சி, பச்சை மிளகாய், உருளை, பீன்ஸ், கேரட் எல்லாம் பொருந்தும். முருங்கைக்காயை மட்டும் விட்டுவிடுங்க, ஸ்பூனால் சாப்பிடுகிற பண்டத்தில் அது தொல்லை. எலுமிச்சை பரிமாறும்போது. சீஸுக்குப் பதில் மேலே சொன்ன பிரெட் தூள், வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் வறுத்தது.

சேரன்மகாதேவியிலிருந்து: பிள்ளைக்கு டிபன் பாக்ஸ்ல வைக்க, கப் கேக் அச்சுல செஞ்சு எடுத்தா உதிர்ந்து போகுது.

அச்சில் நிற்க முட்டை வேணும். மக்ரோனி 150 கிராம், கெட்டியான சாஸ் 300 மி.லி., சீஸ் 60 கிராம், 2 முட்டை. சுமார் 9 கப் வரும். முட்டையைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறின கலவையில் அடித்துச் சேர்த்து, 180 டிகிரியில் 20 நிமிஷம். வெளியே எடுத்து 10 நிமிஷம் விட்டபின் கத்தியால் ஓரம் வகுந்து எடுங்க. பென்னே வேண்டாம், இடைவெளி விழும். நம்ம ஊர் வெயிலில் சாதா டப்பாவில் மத்தியானம் வரை வைக்கக்கூடிய பண்டம் இல்லை. சூடு ஆறாமல் வைக்கும் டப்பாவில் கொதிக்கக் கொதிக்க அடையுங்க, இல்லாவிட்டால் வீட்டிலேயே கொடுத்துவிடுங்க.

கடையநல்லூரிலிருந்து: விருந்தாளி வர்றாவ. முந்தின நாளே செஞ்சு பிரிட்ஜ்ல வைக்கலாமா?

வைக்கலாம், 2 நாள் வரை. பாஸ்தாவை இன்னும் ஒரு நிமிஷம் குறைத்து வேகவைத்து, சாஸில் கூடுதலாக 100 மி.லி. பால் சேருங்க, ராத்திரி முழுக்க அது உறிஞ்சும். மேலே தூவும் சீஸை அப்போது போட வேண்டாம். தக்காளி சேர்த்திருந்தால் அலுமினியக் கிண்ணத்தில் வைக்காதீங்க, புளிப்பு தகட்டை அரிக்கும். மறுநாள் அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து, அலுமினியம் பாயிலால் மூடி, 170 டிகிரியில் 25 நிமிஷம். கண்ணாடி, பீங்கான், மண் எல்லாம் சூடேறாத ஓவனில்தான் வைக்கணும். நடுவில் கத்தியை விட்டு எடுத்துத் தொட்டால் சுடணும். அதற்குப் பிறகு பாயிலை எடுத்து, சீஸ் தூவி, 220 டிகிரியில் 5 நிமிஷம்.