வாசகர் கேள்வி-பதில்: ட்வாவா, டூவா?

கேள்வி: ஸ்காட்லாந்து டண்டீ ஊர்ல என் தம்பி இருக்கான். அங்க பேக்கரில பிரைடின்னு சோமாஸ் ஷேப்ல கறி வச்ச பேஸ்ட்ரி ஒண்ணு விக்குமாம், ரெண்டு வேணும்னா 'ட்வா'னு கேக்குறாங்களாம். இங்கிலீஷ் 'டூ'வ இவங்க கொச்சையாக்கிட்டாங்களா? - வாசகி, திருச்சி

பதில்: அப்படியே உல்டாம்மா! ட்வாதான் பழசு, ஏகத்துக்கு மாறிப்போனது டூதான். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பழைய இங்கிலீஷ்ல ஆண்பாலுக்கு 'ட்வேயென்', மத்த ரெண்டு பாலுக்கும் 'ட்வா'. அந்த நெடில் 'ஆ' தெற்க இங்கிலாந்துல 'ஓ' பக்கம் சாஞ்சிருச்சு, வடக்க அந்தப் பக்கமே போகல, அதான் அவங்க ஸ்டோன், ஹோம்னா இவங்க ஸ்டேன், ஹேம். எடின்பரோ பக்கம் 'ட்வே'ன்னும் சொல்வாங்க. தெற்க 'ஓ' அப்புறம் 'ஊ' ஆச்சு, ஊ-வும் சரி வ-வும் சரி உதட்டக் குவிச்சு சொல்றதுதானே, ஊ பக்கத்துல இருந்த வ-வ முழுங்கிருச்சு. எழுதும்போது மட்டும் டபிள்யூ சும்மா உக்காந்திருக்கு. ட்வெல்வ், ட்வென்டி, ட்வின்ல எல்லாம் இன்னும் வாய்லயும் இருக்கு பாருங்க.

ஆண்பால் ட்வேயெனும் சாகல, 'ட்வெய்ன்'னு ஆகி மிசிசிப்பி ஆத்துல படகு ஓட்டுனவங்க வாய்ல இருந்துச்சு. 'மார்க் ட்வெய்ன்'னு கத்துனா தண்ணி ரெண்டு ஃபாதம், அதாவது 12 அடி ஆழம், படகு தாராளமா போலாம்னு அர்த்தம். அந்தப் படகு ஓட்டுன ஒருத்தர்தான் பின்னாடி எழுத்தாளராகி அதையே புனைபேரா வச்சுக்கிட்டாரு.

கேள்வி: அப்ப ஜெர்மன்காரங்க மட்டும் ஏன் 'ட்ஸ்வை'ங்கறாங்க? போன்ல வேற 'ட்ஸ்வோ'ங்கறாங்க. - வாசகர், கோவை

பதில்: டச்சுல ட்வே, நெதர்லாந்தோட வடக்க பேசுற ஃப்ரீசியன்ல ஸ்காட்லாந்து பேச்சு மாதிரியே ட்வா, எல்லாம் ஒரே குடும்பம்தான். இதுக்கும் மேல போனா லத்தீன்ல டுவோ, சமஸ்கிருதத்துல த்வி, நம்ம பஞ்சாங்கத்து துவிதியை அதுலேர்ந்து வந்ததுதான். அந்த ட(d) ஒலி ஜெர்மானிய மொழிகள்ல (இங்கிலீஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் சேர்ந்த குடும்பம்) அழுத்தமான ட்(t) ஆச்சு, இந்த மாதிரி மாற்றத்தையெல்லாம் 1822ல யாக்கோப் க்ரிம் விதியா எழுதி வச்சாரு, ஆமா, தேவதைக்கதை தொகுத்த அதே க்ரிம்தான். ஜெர்மன்ல மட்டும் அது இன்னொரு ரவுண்டு மாறி ட்ஸ் ஆயிருச்சு, இங்கிலீஷ் டென் (பத்து) அங்க ட்ஸேன். போன்ல ட்ஸ்வையும் ட்ரை-யும் (மூணு) ஒரே மாதிரி கேக்கும், அதனால பழைய பெண்பால் ட்ஸ்வோவத் தூசி தட்டி எடுத்துக்கிட்டாங்க. நல்ல ஐடியா!

ஐஸ்லாந்துல இன்னிக்கும் மூணு பாலுக்கும் மூணு 'ரெண்டு' இருக்கு. ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் இதே கூத்துதான், அஞ்சுல இருந்து நிம்மதி.