வாசகர் கேள்விகள்: காசும் கடிவாளமும்

தேர்தல் நடத்து, கைதிகளை விடுதலை செய் என்று நிபந்தனை போட்டு ஏழை நாடுகளுக்குப் பணம் கொடுக்கிறார்களே, அதனால் எங்காவது ஜனநாயகம் வந்திருக்கிறதா? - வாசகர், கும்பகோணம்

அரைகுறையாக வந்திருக்கிறது. கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது ஒரு நாளிதழில் டெலிபிரின்டர் தாளைக் கிழித்து அயல்நாட்டுச் செய்திகளுக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தேன். 1991 நவம்பர் கடைசியில் பாரிஸிலிருந்து ஒரு சின்னச் செய்தி வந்தது: உதவி தரும் நாடுகள் கூடிப் பேசின, கென்யாவுக்கு ஆறு மாதத்துக்குப் புதிய உதவி கிடையாது. மறு வாரமே, டிசம்பர் 3 அன்று, அதிபர் டேனியல் அராப் மோய் தன் கட்சிப் பிரதிநிதிகளைக் கூட்டினார். எழுந்தவர்கள் எல்லாம் ஒரு கட்சி ஆட்சியே உயர்ந்தது என்று தொண்டை வறளப் பேசினார்கள். கடைசியில் எழுந்த மோய், பல கட்சிகளுக்கு வழிவிடுவதாகச் சொல்லி உட்கார்ந்தார். பேசியவர்களின் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அந்த மனிதர் நடத்திய தேர்தலையும் கேளுங்கள். 1988இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் வாக்குச்சீட்டே கிடையாது. வேட்பாளரின் படத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நிற்பார், ஆதரிப்பவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டால் அடுத்த சுற்றே இல்லை, அவர்தான் எம்.பி. நீள வரிசை தோற்றுக் குட்டை வரிசை ஜெயித்த ஊர்களும் உண்டு! நைரோபியில் நயாயோ ஹவுஸ் என்ற அரசுக் கட்டடத்தின் நிலவறையில் எதிர்ப்பாளர்களை அடைத்து, தண்ணீர் நிரப்பிய அறைகளில் வதைத்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் உதவிப்பணம் போய்க்கொண்டுதான் இருந்தது. பனிப்போர்க் காலம், மோய் மேற்கு நாடுகளுக்கு வேண்டியவர். பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் அவர்களுக்கு மனித உரிமை நினைவுக்கு வந்தது. அதற்குள் கென்யர்களே தெருவில் இறங்கியிருந்தார்கள். 1990 ஜூலை 7 அன்று தடையை மீறி நைரோபியின் கமுகுஞ்சி மைதானத்தில் கூடியவர்களைப் போலீஸ் தாக்கியது. அவர்களும், வழக்கறிஞர்களும் பாதிரியார்களும் இல்லாவிட்டால் பாரிஸ் கூட்டம் வெறும் கணக்கு வழக்காகவே முடிந்திருக்கும்.

ஏன் அரைகுறை என்கிறேன்? 1992 டிசம்பர் தேர்தலில் மதிபா, கிபாகி, ஒகிங்கா ஒடிங்கா என்று எதிர்த்தரப்பு சிதறி நிற்க, சுமார் 36 சதவீத வாக்கிலேயே மோய் ஜெயித்துவிட்டார். ரிஃப்ட் பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூட்டிவிடப்பட்டு நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். தங்கமும் வைரமும் ஏற்றுமதி செய்ததாகப் பொய்க்கணக்கு காட்டி அரசுப் பணத்தைச் சுருட்டிய கோல்டன்பெர்க் ஊழலும் அந்தச் சமயத்தில்தான். வைரமே வெட்டாத நாட்டில் வைர ஏற்றுமதி! ஆனாலும் 1993 கடைசியில் உதவி மறுபடி தொடங்கியது. மோய் 2002 வரை பதவியில் இருந்தார்.

அப்படியானால் எகிப்துக்கு மட்டும் அமெரிக்கா ஏன் விலக்குக் கொடுத்தது? - வாசகி, நாகர்கோவில்

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசை ராணுவம் கவிழ்த்தால் உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. 2013 ஜூலையில் கெய்ரோவில் நடந்தது அதேதான். ஒபாமா அரசு என்ன செய்தது? அது ராணுவப் புரட்சியா இல்லையா என்று தீர்மானிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டது! அக்டோபரில் ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவைத்தார்கள், அதையும் 2015 மார்ச்சில் விடுவித்தார்கள். ஆண்டுக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி. இஸ்ரேலோடு சமாதானம், சூயஸ் கால்வாய் இரண்டும் அந்தப் பணத்தில் அடங்கியிருக்கின்றன. மோயிடம் அப்படி விற்க எதுவும் மிஞ்சவில்லை, மாட்டிக்கொண்டார்.

ஐயா, தண்டனை அரசாங்கத்துக்கு என்கிறார்கள், அடி ஏழைகளுக்குத்தானே விழுகிறது? எங்கள் ஜி.எஸ்.பி. பிளஸ் கதை உங்களுக்குத் தெரியும்தானே? - வாசகி, யாழ்ப்பாணம்

தெரியும் அம்மா. அது உதவிப்பணம் இல்லை, இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்த வரிச்சலுகை. என்றாலும் கடிவாளம் ஒன்றுதான். சித்திரவதைத் தடுப்பு உள்ளிட்ட மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளைச் சரியாக நிறைவேற்றவில்லை என்று 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சலுகையை எடுத்தது. கொழும்பு, இறைமை என்று முழங்கியது. விலையில் போட்டி போட முடியாமல் திணறியவை ஆடைத் தொழிற்சாலைகள். கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருந்த பெண்கள் எந்த உடன்படிக்கையையும் மீறவில்லை. 2015இல் ஆட்சி மாறியது, 2017 மேயில் சலுகை திரும்பியது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று கொடுத்த வாக்கு என்ன ஆனது? 2022இல் சில திருத்தங்கள் வந்தன, சட்டம் போகவில்லை.

நீங்கள் கேட்டதற்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் ஒரு விடை இருக்கிறது. 1992 மேயில் ஆயுட்கால அதிபர் பண்டாவுக்குப் போகும் உதவியை நிறுத்தியவர்கள், வறட்சி நிவாரணத்திலும் மொசாம்பிக் அகதிகளுக்கான உதவியிலும் கை வைக்கவில்லை. அதற்கு முன்பே, மார்ச்சில், கத்தோலிக்க ஆயர்களின் கண்டனக் கடிதம் தேவாலயங்களில் வாசிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் பொதுவாக்கெடுப்பில் சுமார் 63 சதவீதம் பேர் பல கட்சி வேண்டும் என்றார்கள். 1994 மேயில் பண்டா தேர்தலில் தோற்றார்.