அமெரிக்காவில் ரயில் வரலாற்றைப் பார்க்க ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் எங்கே போகலாம்?

யூட்டா மாநிலத்தில் உள்ள கோல்டன் ஸ்பைக் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குப் போங்கள். கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக், மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக் என இரண்டு ரயில் கம்பெனிகள் போட்டுவந்த பாதைகள் 1869 மே 10 அன்று சேர்ந்தது இங்கேதான்.

ஜூபிட்டர், 119 என்ற இரண்டு நீராவி எஞ்சின்கள் கோடையில் ஓடும். இவை அன்று இங்கே வந்து நின்ற எஞ்சின்களைப் பார்த்து 1979இல் செய்த அச்சு அசலான நகல்கள். ஒன்றுக்கு விறகு, மற்றதற்கு நிலக்கரி. புகையின் வாசனையிலேயே வித்தியாசம் தெரியும். தண்டவாளமும் பழையதல்ல, அதை 1942இல் போருக்காகப் பெயர்த்துவிட்டார்கள். பாதைகள் சேர்ந்த அன்று சடங்காக வைத்த தங்க ஆணி இருப்பது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில்.

அப்புறம் அங்கே அசலாக என்னதான் இருக்கிறது? மண்ணும் பாறையும். 'பிக் ஃபில்' என்ற நடைபாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கே சேர்வது என்று முடிவாகாததால் இரு கம்பெனிகளும் ஒன்றையொன்று தாண்டி, பக்கத்துப் பக்கத்தில் பாதைக்கு மண் வெட்டிக்கொண்டே போயின. சென்ட்ரல் பசிபிக் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பியது; அதன் அருகிலேயே யூனியன் பசிபிக் அவசர அவசரமாக மரப்பாலம் கட்டியது. குடைந்த பாறைகளில் வெடிமருந்துக்காகப் போட்ட துளைகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றில் விரலை வைத்துப் பாருங்கள். சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். எனக்கு எஞ்சின்களைவிட அந்தத் துளைகள்தான் பெரிது.

நிழல் கிடையாது, தண்ணீர், தொப்பி அவசியம். பெட்ரோலை வழியில் உள்ள பிரிகாம் சிட்டி என்ற ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.