சிற்றூர் வங்கி நோட்டு: எண்பதா, ஆயிரமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். ஒரு வீட்டில் பழைய சாமான்கள் விற்றபோது, பக்கத்துச் சிற்றூர் வங்கியின் பெயர் போட்ட 1929 வரிசை 10 டாலர் நோட்டு கிடைத்தது. 80 டாலர்தான் தேறும் என்கிறார் ஒருவர். ஆயிரத்துக்குக் குறைந்து கொடுக்காதே என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். நோட்டின் ஓரங்களில் கறுப்பு மையில் பக்கவாட்டாக ஓர் எண் இருக்கும். அதுதான் வங்கியின் சார்ட்டர் எண், அதாவது அரசு தந்த உரிமத்தின் எண். அதே எண் பழுப்பு மையிலும் இருந்தால், அது 1933 முதல் வந்த இரண்டாம் வகை. பல வங்கிகளுக்கு அது முதல் வகையைவிட அரிது.

விலையை முடிவு செய்வது வயதல்ல, அந்த வங்கியின் நோட்டுகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான். 1900-ல் சட்டம் தளர்ந்து, மூவாயிரம் பேருக்கு மிகாத ஊரில் 25,000 டாலர் மூலதனத்திலேயே நேஷனல் வங்கி (மத்திய அரசின் உரிமத்தோடு தன் பெயரிலேயே நோட்டு வெளியிட்ட உள்ளூர் வங்கி) தொடங்கலாம் என்றானது. சின்ன வங்கி, கொஞ்சம் நோட்டு. 1935-ல் இந்த வெளியீடே நின்றது. திரும்பி வந்ததையெல்லாம் அரசு அழித்துவிட்டது. ஒரே ஊரில் இரண்டு வங்கி இருந்து, ஒன்றின் நோட்டு தாராளமாகக் கிடைக்க, மற்றதில் நாலைந்துகூடத் தேறாமல் போவதும் உண்டு.

அதனால் சார்ட்டர் எண்ணை வைத்து, மிஞ்சியிருக்கும் நோட்டுகளைப் பற்றி நேஷனல் கரன்சி ஃபவுண்டேஷன் பராமரிக்கும் கணக்கெடுப்பில் தேடுங்கள். அப்புறம் ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளில் அதே வங்கி நோட்டு என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். இணையத்தில் விற்பவர் கேட்கும் விலை வெறும் ஆசை. வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம்: பென்சில்வேனியாவில் சொந்த ஊர் நோட்டைத் தேடுபவர்கள் நிறைய.

எளிதில் கிடைக்கும் வங்கி என்றால் ஒரு மடிப்புகூட விலையைக் குறைக்கும். அரிய வங்கி என்றால் கந்தலுக்கும் ஆள் வரும். எதுவானாலும் கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். மைலார் என்னும் தெளிவான பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

இனி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதே 1929 வரிசையில், அதே பழுப்பு முத்திரையோடு ஃபெடரல் ரிசர்வ் என்னும் அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த வங்கிகளின் நோட்டுகளும் உண்டு. அவற்றிலும் ‘நேஷனல் கரன்சி’ என்றே இருக்கும். பெரும்பாலும் மலிவு; சிற்றூர் விலை கொடுத்து ஏமாறாதீர்கள்.

நோட்டின் நிலையை மதிப்பிட்டுத் தரும் தரச்சான்றுக்கு அனுப்புவதெல்லாம் கணக்கெடுப்பைப் பார்த்த பிறகுதான். 80 டாலர் நோட்டு என்றால் கட்டணம், தபால், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து லாபத்தைத் தின்றுவிடும்.